சவலைப் பிள்ளைகள்: அரிசி இருக்கும் வீட்டில் ஊட்டக்குறைவு எப்படி நுழைகிறது?

தாய்ப்பால் போதாமல் மெலிந்த குழந்தையைத் தமிழில் சவலைப் பிள்ளை என்பார்கள். கைக்குழந்தை இருக்கும்போதே தாய் மறுபடியும் கருவுற்றுவிட, பால் மறக்கடிக்கப்பட்டு, ஓயாமல் சிணுங்கிக்கொண்டே தேயும் குழந்தையைப் பாட்டிமார் அந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள். இரண்டாம் அடியில் ஒரு சீர் குறைந்து நிற்கும் வெண்பாவுக்குக்கூட யாப்பு இலக்கணத்தில் சவலை வெண்பா என்றே பெயர்.

1930களில் கோல்ட் கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பணியாற்றினார். கை கால் வீங்கி, தலைமுடி வெளிறி, தோல் உரிந்து இறந்துகொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்த அவர், அந்த நோய்க்கு அங்கிருந்த தாய்மார் கா மொழியில் சொன்ன பெயரையே மருத்துவ உலகுக்கு எழுதினார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறக்கும்போது முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். கடல்களுக்கு அப்பால் இருந்த அந்தத் தாய்மாருக்கும் நம் பாட்டிமாருக்கும் ஒரே உண்மை பிடிபட்டிருந்தது. தானியம் தீர்ந்த வீட்டில்தான் குழந்தை மெலியும் என்பதில்லை. தாயின் மடியிலிருந்து தள்ளி வைக்கப்பட்டாலும் அது மெலியும்.

தமிழ்நாட்டில் இன்று ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. 2019-21 கணக்கில் மகப்பேறு விகிதம் 1.8. இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக நிற்கும் தாய்மார் அரிதாகிவிட்டார்கள். பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. துவரம்பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் கிடைக்கின்றன. ஊருக்கு ஊர் பால்வாடி இருக்கிறது. அப்படியிருந்தும் 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள் 22 விழுக்காடு. உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் வற்றியவர்கள் 14.6 விழுக்காடு. இந்திய அளவில் இவை முறையே 35.5, 32.1, 19.3. நாட்டின் சராசரியைவிட நாம் மேல் என்று ஆறுதல் கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆறுதல் வரவில்லை. அரிசியும் ஆஸ்பத்திரியும் எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு மாநிலத்தில் நான்கில் ஒரு குழந்தை ஏன் வளராமல் நிற்கிறது என்ற கேள்விதான் என்னை உறுத்துகிறது.

முதலில், இந்தக் குறை ஏன் கண்ணில் படுவதில்லை என்று பார்க்கலாம். இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அளவுகோல். 81க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றிய குழந்தை. நடுவில் இருப்பது ஆறு சென்டிமீட்டர், பெரியவர்கள் கையில் நான்கு விரல் அகலம்கூட இல்லை. தெருவில் விளையாடும் பத்துக் குழந்தைகளில் மூன்று பேர் அப்படிக் குட்டையாக இருந்தால், அதுதான் அந்த ஊரின் வழக்கமான உயரம் என்று எல்லோர் கண்ணும் பழகிவிடும். "அவங்க அப்பா மாதிரி குள்ளம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பாவும் சிறுவயதில் இதே குறையோடு வளர்ந்தவராக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தையை மட்டுமே ஊர் நோயாளியாகக் கண்டது. அதற்கும் சொற்கள் இருந்தன. தேரை விழுந்த குழந்தை என்பார்கள். தேரையின் நிழலோ மூச்சோ பட்டதால் பிள்ளை தேரையைப்போலவே வயிறு உப்பிக் கை கால் சூம்பிவிட்டது என்பது நம்பிக்கை. தோஷம், சீர், மாந்தம் என்று வேறு பெயர்களும் உண்டு. மந்திரிப்பது, தாயத்துக் கட்டுவது, தொக்கம் எடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கவனித்து, பேருந்து ஏறி, கையில் இருந்த பணத்தைச் செலவழித்த தாயின் அக்கறை அதில் இருக்கிறது. அந்த அக்கறைக்கு யாரும் சரியான வழியைக் காட்டவில்லை என்பதே குறை. தாயத்துக் கட்டியபின் காத்திருக்கும் இரண்டு வாரத்தில் குழந்தை இன்னும் அரைக் கிலோ இழந்துவிடக்கூடும்.

அடுத்தது காலம். பிறக்கும்போது ஐம்பது சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் ஆண்டிலேயே 25 சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டாம் ஆண்டில் சுமார் 12. வாழ்நாளில் வேறெப்போதும் உடம்பு இவ்வளவு வேகமாக வளர்வதில்லை. மூளை இரண்டு வயதுக்குள் பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டை எட்டிவிடுகிறது. 54 நாடுகளின் குழந்தைகளை அளந்த தரவுகளை ஒன்றாக வைத்து 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உயரக்குறை பிறந்த சில மாதங்களிலேயே தொடங்கி, 24 மாதம்வரை சரிந்துகொண்டே போய், பிறகு அந்தப் பள்ளத்திலேயே நின்றுவிடுவதை அது காட்டியது. ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் குட்டையான பிள்ளையின் கதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. அதிலும் ஆறாம் மாதத்திலிருந்து பதினெட்டாம் மாதம் வரையுள்ள அந்த ஒரு வருடம்தான் வழுக்குப் பாறை.

ஏன் ஆறாம் மாதம்? அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். பிறந்ததும் சேனை வைப்பதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், கழுதைப்பால் புகட்டுவதும் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. ஆனால் ஆறு மாதம் ஆனபின், தாய்ப்பால் எவ்வளவு சுரந்தாலும் குழந்தையின் தேவையை முழுதும் ஈடுகட்டாது. தாயின் வயிற்றில் இருந்தபோது சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்தும் அந்த வயதில் தீர்கிறது. தாய்க்கே இரத்தசோகை என்றால் அந்தச் சேமிப்பு இன்னும் முன்னதாகவே கரைந்துவிடும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் இரத்தசோகை 2015-16இல் 50.7 விழுக்காடாக இருந்து, 2019-21இல் 57.4 ஆக ஏறியது. மற்ற அளவுகள் சற்றே குறைந்த அதே காலத்தில் இது மட்டும் கூடியிருக்கிறது. வயிறு நிறைவதும் சத்துச் சேர்வதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு டம்ளருக்கு மேல் கொள்ளாது. அந்த ஒரு டம்ளருக்குள் நாம் என்ன ஊற்றுகிறோம்? செரிக்க வேண்டும், தொண்டையில் சிக்கக்கூடாது என்று பயந்து, சாதத்தை ரசத்திலோ வடிகஞ்சியிலோ கரைத்து நீர்க்க ஊட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அல்லது இட்லியைச் சர்க்கரைத் தண்ணீரில் தோய்ப்பது. அல்லது டீயில் நனைத்த பிஸ்கட். வயிறு உப்பும், குழந்தை தூங்கும், வீட்டார் நிம்மதி அடைவார்கள். கஞ்சி என்ற பெயரில் போனதில் பெரும்பகுதி தண்ணீர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக வெளி உணவிலிருந்து நாளொன்றுக்கு 200 கலோரியும், ஒரு வயதுக்குமேல் 550 கலோரியும் தேவை. நீர்க்கக் கரைத்ததிலிருந்து அதை எடுக்க வேண்டுமானால் குழந்தை நாள் முழுதும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாற்று ஒன்றும் விலையுயர்ந்தது அல்ல. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதத்தில் பருப்புச் சாதத்தை மசித்து, அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் அந்த எண்ணெய் மட்டுமே 40 கலோரிக்கு மேல் தருகிறது. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவுக்கு இன்னொரு குணம் உண்டு. முளைக்கும்போது தானியத்தில் ஊறும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கெட்டியாகக் காய்ச்சிய கூழில் ஒரு சிட்டிகை முளைமாவைக் கலந்தால் அது தண்ணீர் சேர்க்காமலேயே இளகிவிடும். குழந்தையும் விழுங்கலாம், சத்தும் நீர்த்துப் போகாது. இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் பைடேட்டும் முளைகட்டுவதால் குறையும். முளைகட்டிய கேழ்வரகு நம் அடுப்படிக்குப் புதியதல்ல. எப்போது, எதற்காக என்ற காரணம்தான் மருமகள்வரை வந்து சேரவில்லை.

முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் தினம் ஒரு முட்டை கொடுத்து ஈக்வடோரில் நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. வளர்ச்சிக் குன்றல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உலகமே வியந்தது. இரண்டு ஆண்டு கழித்து மலாவியில் அதையே செய்தபோது உயரத்தில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. அங்கே பல குழந்தைகள் ஏற்கெனவே ஏரி மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பொருள் எல்லா ஊருக்கும் மருந்தாகாது. ஆனால் மீனோ முட்டையோ ஈரலோ தட்டில் படாத ஒரு வீட்டில், அவற்றில் எது வந்தாலும் லாபம்தான். நம் வீடுகளில் முட்டை சூடு, வாழைப்பழம் சளி, பருப்பு மந்தம், கீரை பேதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை இருக்கிறது. எல்லாத் தடையையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது வெள்ளைச் சோறும் பிஸ்கட்டும். அதே 2019-21 ஆய்வின்படி, 6 முதல் 23 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில், போதுமான தடவையும் போதுமான வகையும் சேர்ந்த உணவு கிடைத்தது 11.3 விழுக்காட்டினருக்கு. ஒன்பது பேரில் ஒருவர்.

இதையெல்லாம் தாய்மாரின் அறியாமை என்று முடித்துக்கொள்வது அநியாயம். குழந்தைக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்று சொல்லும் எந்தப் பட்டியலும் ஒரு பொருளைக் குறிப்பிடுவதில்லை. அது நேரம். ஒரு வயதுக் குழந்தைக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் அரை மணி நேரம், மடியில் வைத்துக் கதை சொல்லித் துப்பியதைத் துடைத்து மறுபடியும் ஊட்ட வேண்டும். களையெடுப்புக்கோ நடவுக்கோ போகிற பெண் காலை ஆறு, ஏழு மணிக்கு வீட்டைவிட்டு இறங்குகிறாள். நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு நிற்பவர்களிலும் பெரும்பாலோர் பெண்களே. பனியன் கம்பெனிக்கும் நூற்பாலைக்கும் வேன் ஏறும் தாய்மார் வேறு. குழந்தை பாட்டியிடம் இருக்கிறது. பாட்டிக்குக் கண் மங்கல், மூட்டு வலி, அவளுக்கே இரண்டு வேளைச் சோறு. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தைக் கிழித்துக் கையில் கொடுக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு நா எழாது.

சவலை என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொண்டது இதற்காகத்தான். அன்று குழந்தையைத் தாயின் மடியிலிருந்து இறக்கியது அடுத்த கர்ப்பம். இன்று இறக்குவது அன்றாடக் கூலி. அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டில் ஓராண்டு சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. அது நியாயமான, வரவேற்க வேண்டிய ஏற்பாடு. வயலில் வேலை செய்பவளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைப்பது, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். ஓராண்டுக்குப் பிரித்தால் நாளைக்கு ஐம்பது ரூபாய்கூட வராது. அந்த ஐம்பது ரூபாயை நம்பி அவள் எத்தனை நாள் வீட்டில் இருக்க முடியும்? 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே ஒரு வரி இருந்தது: வேலைத்தளத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அமர்த்த வேண்டும். மரத்தடியில் தூளி கட்டி அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்த வேலைத்தளத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

நோயையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தவழும் வயதில் குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும். கோழி எச்சம், ஈ மொய்த்த தட்டு, மூடாத குடம் எல்லாம் சேர்ந்து வயிற்றுப்போக்கைத் தருகின்றன. ஒரு முறை வந்தால் ஒரு வாரம் பசி போகும். போக்கு நிற்கட்டும் என்று வீட்டாரும் சோற்றை நிறுத்துவார்கள். இழந்த எடை திரும்புவதற்குள் அடுத்த காய்ச்சல் வந்துவிடும். உப்பு சர்க்கரைக் கரைசலும், 14 நாள் துத்தநாக மாத்திரையும், உணவை நிறுத்தாமல் தொடர்வதும்தான் இதற்குத் தீர்வு. கழிப்பறை கட்டினால் உயரம் கூடிவிடும் என்று ஒரு காலத்தில் பெரிதாக நம்பினார்கள். வங்கதேசத்திலும் கென்யாவிலும் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வுகளில் கழிப்பறையும் கைகழுவுதலும் மட்டும் உயரத்தைக் கூட்டவில்லை. உணவைக் கவனித்த இடங்களில்தான் சிறிதாவது பலன் தெரிந்தது. கழிப்பறை வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கிண்ணத்தில் இருப்பது மாறாமல் வேறெது மாறினாலும் குழந்தை வளராது.

இதையெல்லாம் தமிழ்நாடு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் வேதனை. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அது குறிவைத்தது ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை. ஊட்டச்சத்துப் பணியாளராக அந்த ஊர்ப் பெண் ஒருவரையே தேர்ந்தெடுத்தார்கள். தானும் ஏழையாக இருந்து, தன் பிள்ளையை நன்றாக வளர்த்துக் காட்டியவராக இருந்தால் முன்னுரிமை. மாதம் ஒரு முறை ஊரிலுள்ள ஒவ்வொரு குழந்தையையும் தூளித் தராசில் தூக்கி எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். எடை போட்டால் கண்பட்டுவிடும் என்று பிள்ளையை ஒளித்தவர்களிடமும் அவர் பேசித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்தத் திட்டத்தின் மேதைமை அந்தக் கோட்டில் இருந்தது. குழந்தை எத்தனை கிலோ என்பதோடு, கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்றும் பார்த்தார்கள். குண்டாகத் தெரியும் குழந்தையின் கோடும் படுக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே அட்டை சொல்லிவிடும். கோடு படுத்த குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை, அதுவும் 90 நாள். எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். இந்த உருண்டை ஒரு மருந்து, இது சோற்றுக்குப் பதில் அல்ல, உன் வீட்டுச் சாப்பாட்டில்தான் இதற்குப் பிறகு பிள்ளை வளர வேண்டும் என்று தாய்க்குச் சொல்லாமல் சொல்லியது அந்தக் கெடு. ஊர்ப் பெண்கள் குழுக்களே பல இடங்களில் உருண்டை பிடித்தன. பத்து ஆண்டுகளுக்குள் அது மாநிலத்தின் ஒன்றியங்களில் ஏறக்குறைய பாதிக்குப் பரவியது. திட்டம் நடந்த இடங்களில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. 1990களில் அடுத்த கட்டம் நடந்து, பிறகு அது 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிக்குள் கரைந்தது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். பசியோடு வகுப்பில் உட்கார்ந்த ஒரு தலைமுறையையே அது எழுப்பி நிறுத்தியது. கொட்டாம்பட்டியைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானே நடந்து வந்து தட்டேந்தும். ஊரே அதைப் பார்க்கும், புகைப்படம் எடுக்கலாம். எட்டு மாதக் குழந்தை நடந்து வராது. அதன் பசி வீட்டுக்குள், தூளிக்குள் இருக்கிறது.

இன்றைய ஏற்பாட்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இரண்டு வயது நிறைந்த பிள்ளைக்கு அங்கே சூடான மதிய உணவும் வாரம் மூன்று முட்டையும். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு, அதாவது பாதிப்பு நடந்துகொண்டிருக்கும் வயதுக்கு, முக்கியமாகக் கிடைப்பது சத்துமாவுப் பாக்கெட். அந்த மாவு தரமானதுதான். ஆனால் நான்கு பேர் இருக்கும் வீட்டில் அது நான்கு பேருக்கும் பங்காகிறது. 2022இல் உதகையில் தொடங்கப்பட்ட 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லோரையும் அளந்து, கடுமையாக மெலிந்தவர்களைப் பிரித்து, மருத்துவப் பரிசோதனையும் சிறப்பு உணவும் கொடுக்கிறது. புஜத்தின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போன குழந்தையின் உயிரே ஆபத்தில் இருக்கிறது என்பதால் இது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. அதே சமயம், விழுந்த பிள்ளையைத் தூக்குகிற வேலை இது. கோடு படுக்கத் தொடங்கும் மாதத்திலேயே அந்த வீட்டு வாசலில் ஒருவர் நிற்பது வேறு வேலை.

அந்த வேலைக்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறார். அங்கன்வாடிப் பணியாளருக்கு வீடு தேடிப் போவதும் கடமைகளில் ஒன்று. ஆனால் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருக்கும் மையத்தில், பணியாளர் பாடல் சொல்லித்தர வேண்டும், முட்டைக் கணக்கு எழுத வேண்டும், கைபேசிச் செயலியில் எடையும் உயரமும் படமும் ஏற்ற வேண்டும், கூட்டத்துக்கு ஒன்றிய அலுவலகம் போக வேண்டும். உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தால் சமையலும் அவரே. மாலை நான்கு மணிக்கு மையத்தைப் பூட்டும்போது தாய்மார் இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருப்பதில்லை. ஆறாம் மாதம் முடிகிற வாரத்தில் ஒரு வீட்டுக்குப் போய், அடுப்படியில் பாட்டியோடும் தாயோடும் உட்கார்ந்து, கிண்ணத்தில் இருப்பது கரண்டியில் நிற்கிறதா ஒழுகுகிறதா என்று பார்த்து, எண்ணெய் பாட்டிலை எடுத்து ஒரு தேக்கரண்டி விட்டுக் காட்டிவிட்டு வர அவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஒரு ஊரில் ஓர் ஆண்டில் பிறக்கும் குழந்தைகள் பத்தோ பதினைந்தோ. அவர்களுக்காகும் மணிக்கணக்கு அவ்வளவுதான். அந்த மணி நேரம் இப்போது பதிவேட்டுக்குப் போய்விடுகிறது.